பிரிந்தவர் போக எஞ்சிய ஒன்றியம்



ஒரு நாடு விடுதலை பெற்றால் அதன் கதையைப் பலரும் எழுதுகிறார்கள். எந்தக் கூட்டிலிருந்து அது பிரிந்து போனதோ அந்தக் கூட்டுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுபவர்கள் குறைவு. அந்தக் கூட்டிலேயே தங்கிவிட்ட சிறிய உறுப்புகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் அதிலும் குறைவு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிந்து போகிறவர் தமக்காகக் கேட்டுச் சண்டையிடும் உரிமைகளில் ஒரு பங்கு, வாய் திறக்காமல் இருந்தவர்களுக்கும் சேர்ந்தே கிடைத்துவந்திருக்கும். அவர் போகும்போது அந்தப் பங்கும் போய்விடும். போனது என்னவென்று இருப்பவர்களுக்குத் தெரியவே பல ஆண்டுகள் ஆகும்.

இதைப் பேச டெல்லியும் லண்டனும்தான் பொருத்தமான இடங்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த ராமநாதபுரம் சீமையைப்போல் பிரிவினைகளால் அடிபட்ட ஊர்கள் அதிகம் இல்லை. வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்த ஆண்டுகளில் நம் மக்கள் கப்பலேறிய இடங்கள் பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர். போனபோது அவை எல்லாம் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. பர்மா ஒருபடி மேலே, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ரங்கூனுக்குப் போவது அயல்நாடு போவதாக யாருக்கும் தோன்றியதில்லை.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதே நாளில் ஏடனும் பிரிந்தது. அந்த நாளை நம் பள்ளிப் பாடங்கள் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அது சாதாரண நாள் இல்லை. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் உட்படச் செட்டியார்களின் கையில், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் சேர்ந்திருந்த காலம் அது. பெருமந்தத்தில் கடன் திரும்பாமல், அடமானம் பிடித்த நிலமெல்லாம் கைக்கு வந்ததால் சேர்ந்த நிலம். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும் நெல் ஆலைகளில் உழைத்தவர்களிலும் நம் பக்கத்து ஏழைகள் இருந்தார்கள். 1938இல் கலவரம் வந்தது. 1941இல் குடிநுழைவுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மேசையில் இந்தியா என்ற பெயரில் அமர்ந்திருந்தது டெல்லி அரசு. ரங்கூனில் யாருடைய பிழைப்பு போகப்போகிறதோ அந்த மாவட்டத்தின் குரல் அங்கே ஒலிக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், லட்சக்கணக்கானோர் காட்டு வழியே நடந்தார்கள், பர்மா அரிசி நின்றது, அடுத்த ஆண்டு வங்கத்தில் பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. ரங்கூன் அரிசி இல்லாமற்போனது அவற்றில் ஒன்று. பர்மா 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்றது. 1962க்குப் பின் நெ வின் ராணுவ ஆட்சியில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாக, மிச்சம் இருந்தவர்களிலும் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். நம் ஊர்களில் பர்மா காலனி என்று சொல்கிறோமே, அது அந்தத் திரும்புதலின் பெயர்.

பர்மாவின் விடுதலையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது அவர்களின் உரிமை. ஒரு பிரிவினையின் செலவுக் கணக்கு எந்த வாசலில் போய் நிற்கிறது என்பதைக் காட்டவே சொன்னேன்.

இனி நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். அது 1947ஆம் ஆண்டின் கோடைக்காலம்.

பிரிவினை என்றதும் நம் நினைவுக்கு வருவது பஞ்சாபும் வங்கமும். ரயில்களில் பிணங்கள், அகதிகளின் வரிசை. அந்தத் துயரம் வைகைக்கரை வரை வரவில்லை. தமிழகம் பிரிவினையில் தப்பித்தது என்று நாம் நம்புகிறோம். உயிர்ச்சேதத்தில் தப்பித்தது உண்மை. அரசியல் சட்டத்தில் தப்பிக்கவில்லை.

1946 மே 16 அன்று பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு ஒரு திட்டம் வைத்தது. இந்திய ஒன்றியம் என்று ஒன்று இருக்கும். அதன் கையில் வெளியுறவு, பாதுகாப்பு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றும், அவற்றுக்கான பணம் திரட்டும் அதிகாரமும் மட்டும் இருக்கும். மற்ற எல்லாத் துறைகளும், பட்டியலில் சொல்லாமல் விடுபட்ட எஞ்சிய அதிகாரங்களும் மாகாணங்களுக்கு. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எந்த மாகாணச் சட்டமன்றமும் பெரும்பான்மை வாக்கால் அரசியல் சட்டத்தை மறுபரிசீலனை செய்யக் கோரலாம் என்ற வாசகமும் அதில் உண்டு. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சென்னைச் சட்டமன்றத்துக்கு அந்த உரிமை இருந்திருக்கும்.

இதைச் சென்னை மாகாணம் கேட்டு வாங்கவில்லை. முஸ்லிம் லீக்கைக் கூட்டுக்குள் இருத்திவைப்பதற்காக வந்த ஏற்பாடு அது. அரசியல் நிர்ணய சபையும் அந்த எல்லைக்குள் நின்றே வேலையைத் தொடங்கியது. 1947 ஜனவரி 22 அன்று நிறைவேறிய நேருவின் குறிக்கோள் தீர்மானம், உறுப்புகள் தன்னாட்சி உடையவை என்றும் எஞ்சிய அதிகாரங்கள் அவற்றுக்கே என்றும் சொல்கிறது. ஏப்ரலில் சபையின் ஒன்றிய அதிகாரக் குழுவின் முதல் அறிக்கை வந்தது. அதுவும் குறுகிய மையத்தையே வரைந்தது. ஜூன் 3 அன்று பிரிவினை அறிவிக்கப்பட்டது. ஜூலையில் அதே குழுவின் இரண்டாவது அறிக்கை: பிரிவினை முடிவாகிவிட்டபடியால் பலவீனமான மையம் நாட்டுக்குக் கேடு என்று ஒருமனதாகச் சொல்லி, எஞ்சிய அதிகாரங்களை ஒன்றியத்திடம் கொடுத்தது. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் சென்னை மாகாணத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது லாகூரிலும் டாக்காவிலும்.

கண்மாய்ப் பாசனம் தெரிந்த உங்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். தலைமடைக்காரர் தண்ணீரை அடைத்துக்கொள்வார். இடைமடைக்காரர் சண்டைக்காரர், மண்வெட்டியோடு வந்து அடைப்பை உடைப்பார். அவர் உடைத்த தண்ணீர் அவர் வயலோடு நிற்காமல் கடைமடை வரை ஓடும். கடைமடைக்காரர் அவருக்கு நன்றி சொன்னதில்லை. சண்டைக்காரர் என்று முகம் சுளித்ததும் உண்டு. ஒருநாள் இடைமடைக்காரர் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த பூவில்தான் கடைமடைக்குத் தெரிந்தது, இனி தலைமடையோடு தானே பேச வேண்டும் என்று.

இதில் ஒரு கணக்கு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. தூதுக்குழுத் திட்டப்படி அரசியல் நிர்ணய சபையில் மாகாணங்களுக்கு ஒதுக்கிய 292 இடங்களில் சென்னைக்கு 49. பிரிவினைக்குப் பின் மாகாண இடங்கள் 229 ஆயின. சென்னைக்கு அதே 49. அதாவது ஆறில் ஒரு பங்காக இருந்தது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. தலைகள் கூடின, அதிகாரம் குறைந்தது. எண்ணிக்கை தானாக உரிமையைக் காப்பாற்றாது. அதைக் கேட்கும் வாய் வேண்டும். மாகாண உரிமையைக் கேட்ட வாய், தனக்கென ஒரு நாட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

எச்சரித்தவர் ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது அறிக்கையை ஆகஸ்டில் அவையில் வைத்தவர் என். கோபாலசுவாமி அய்யங்கார், எதிரே எழுந்து, அதிகாரங்களை மேலே மேலே அடுக்கினால் மையம் வலுவாகிவிடும் என்ற எண்ணமே தவறு என்று வாதிட்டவர் கே. சந்தானம். இருவரும் தமிழர்கள். மாகாணங்களைப் பொறுப்பு நிறைய, பணம் குறைய வைத்தால் அவை மையத்தின் வாசலில் நிற்கும் என்பது சந்தானத்தின் கவலை. பின்னாளில் இரண்டாவது நிதிக்குழுவுக்குத் தலைவரானவரும் அவரே என்பதால், அந்தக் கவலையின் நியாயத்தை உள்ளிருந்தே பார்த்திருப்பார்.

அன்றைய தலைவர்களின் அச்சம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அகதிகள், காஷ்மீர்ப் போர், ஹைதராபாத், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள், அரிசிப் பஞ்சம் என்று எல்லாம் ஒரே சமயத்தில். அந்த நேரத்தில் வலுவான மையத்தைக் கேட்டவர்கள் தேசத்தை நேசித்தவர்களே. என் குறை வேறு. அவசரத்துக்குச் செய்த ஏற்பாட்டுக்கு அவர்கள் காலக்கெடு வைக்கவில்லை.

மொழிக்கு வருவோம். பிரிவினைக்கு முன் காந்தியடிகளும் காங்கிரசும் பேசிவந்தது இந்துஸ்தானி: நாகரி, உருது இரண்டு எழுத்திலும் எழுதலாம், இரு தரப்பும் பேசலாம். பிரிவினை முடிவான அடுத்த மாதமே, 1947 ஜூலையில், அரசியல் நிர்ணய சபையின் காங்கிரஸ் உறுப்பினர்கள் கூடி வாக்கெடுத்தபோது இந்துஸ்தானிக்கு 32, இந்திக்கு 63. இந்த எண்ணிக்கையை வரலாற்றாளர் கிரான்வில் ஆஸ்டின் பதிவு செய்திருக்கிறார். உருதுக்காரர்கள் தனி நாடு கொண்டுபோய்விட்டார்கள், இனி அவர்களுக்காக ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கோபம் அந்த வாக்கில் இருந்தது. அந்தக் கோபத்தின் விலை 1949 செப்டம்பர் 14 அன்று சட்டமாகி, பதினைந்து ஆண்டுக் கெடு முடிந்து, 1965 ஜனவரியில் மதுரைத் தெருக்களுக்கு வந்தது. கராச்சியின் விடுதலைக்கும் மதுரை மாணவனின் போராட்டத்துக்கும் இடையே இப்படி ஒரு நூல் ஓடுகிறது. இந்துஸ்தானி வந்திருந்தால் நமக்கு இனித்திருக்குமா என்று கேட்பீர்கள். இனித்திருக்காது. ஆனால் விட்டுக்கொடுத்துப் பழகிய ஒரு பெரும்பான்மையோடு பேரம் பேசியிருப்போம்.

இந்தக் கடற்கரையில் இன்னொரு கூட்டத்தாரும் பிரிவினையின் சுமையைத் தாங்கினார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம் கடலோர ஊர்களின் முஸ்லிம்கள் இங்கேயே இருந்தார்கள். பாகிஸ்தான் கேட்ட கட்சிக்கு 1946இல் சென்னை மாகாண முஸ்லிம்கள் வாக்களித்தது உண்மை. வாக்குக் கேட்ட பெருந்தலைவர்கள் கராச்சிக்குப் போனார்கள். பழி மட்டும் இங்கே தங்கியது. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்று புதிதாகத் தொடங்கியபோது காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தார் என்பது இன்று பலருக்குத் தெரியாது. எஞ்சிய ஒன்றியத்தின் குடிமகனாக நின்று, இது என் நாடு, என் உரிமையை இங்கேயே கேட்பேன் என்று சொன்ன துணிவு அது. அரசியல் நிர்ணய சபையில் அவர் தமிழுக்காகவும் பேசினார்.

இந்தியா மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. நம் மக்கள் நிறையப் பேர் வாழும் இன்னொரு நாட்டைப் பாருங்கள்.

1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா பிறந்தது. மலாயாவோடு சிங்கப்பூர், சபா, சரவாக் சேர்ந்தன. நாடாளுமன்றத்தில் 159 இடங்கள்: மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15. பின்னால் வந்து சேர்ந்த மூவருக்கும் கூட்டிப் பார்த்தால் 55. அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு 53. ஆக, மூவரும் சேர்ந்து நின்றால் கோலாலம்பூர் அவர்களைக் கேட்காமல் சட்டத்தைத் தொட முடியாது.

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் வெளியேறியது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானுக்கும் சிங்கப்பூர்த் தலைவர் லீ குவான் யூவுக்கும் இடையிலான பிணக்கு அது. சபாவுக்கும் சரவாக்குக்கும் அதில் பங்கில்லை, அவற்றைக் கேட்கவும் இல்லை. நாடாளுமன்றத்தில் ஒரே நாளில் சட்டம் நிறைவேறியது. அந்தப் பதினைந்து இடங்களும் சிங்கப்பூரோடு போயின. இப்போது மொத்தம் 144. சபா, சரவாக் இரண்டுக்கும் 40. மூன்றில் ஒரு பங்கு என்பது 48. தடுக்கும் வலு ஒரே இரவில் போயிற்று. மலாயாவின் 104 மட்டுமே மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டது. சபாவின் தலைவர் டொனால்டு ஸ்டீபன்ஸ், கூட்டில் சேர்ந்த நிபந்தனைகளை மறுபடி பேச வேண்டும் என்றார், செல்வாக்கை இழந்தார். அடுத்த ஆண்டே சரவாக்கில் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானை அகற்ற நெருக்கடிநிலை அறிவித்து, சரவாக்கின் அரசியல் சட்டத்தையே கோலாலம்பூர் நாடாளுமன்றம் மாற்றியது. சிங்கப்பூரின் விடுதலை நாளை நம் சொந்தங்கள் அங்கே கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். அந்த நாள் கூச்சிங்கிலும் கோத்தா கினபாலுவிலும் வேறு நாள். மூன்றில் ஒரு பங்கை மீட்டுக் கொடு என்ற கோரிக்கை இன்றும் அங்கே ஓயவில்லை.

பாகிஸ்தானின் கதையும் அதேதான். 1970 தேர்தலில் 300 பொதுத் தொகுதிகள். 162 கிழக்கே, 138 மேற்கே. மேற்கில் பஞ்சாபுக்கு 82. முழு நாட்டில் பஞ்சாபால் தனித்துப் பெரும்பான்மை பெற முடியாது. வங்கதேசம் பிரிந்ததும் 138இல் 82, பாதிக்கு மேல். பலூசிஸ்தானுக்கு 4. 1973 பிப்ரவரியில் பலூசிஸ்தானின் மாகாண அரசை அதிபர் பூட்டோ கலைத்தார். வங்காளிகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தவரை பலூச்சிகளுக்கும் ஒரு கவசம் இருந்தது.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. 1993இல் எரித்திரியா பிரிந்தபின் எத்தியோப்பியா 1995இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அரசியல் சட்டம், எஞ்சிய இனங்களுக்குப் பிரிந்துபோகும் உரிமையையே எழுத்தில் கொடுத்தது. எழுத்தில் மட்டும்தான் என்று பின்வந்த போர்கள் காட்டின. ஆனாலும் பிரிவினை வந்தால் மையம் இறுகியே தீரும் என்பது விதி இல்லை. அது மனிதர்கள் எடுக்கும் முடிவு.

இந்தியாவில், இன்னொரு பிரிவினை வருமோ என்ற அச்சம் 1947இல் பிறந்து நீண்டகாலம் வாழ்ந்தது. மொழிவாரி மாநிலம் கேட்டால் இன்னொரு பாகிஸ்தானா என்று கேட்டார்கள். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதமிருந்து உயிர் விட்ட பிறகுதான் ஆந்திரம் பிறந்தது. 1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாடு கேட்டுப் பேசினார். சீனப்போரும் 1963இன் பதினாறாவது திருத்தமும் அந்தக் கோரிக்கையை முடித்துவைத்தன. அதன்பின் அவர் வழிவந்தவர்கள் கேட்டது மாநில சுயாட்சி. அதற்காகத் தமிழ்நாட்டு அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971இல் கொடுத்த அறிக்கையை விரித்துப் பார்த்தால், 1946இன் திட்டத்தில் கேட்காமலே கிடைக்கவிருந்தவற்றில் பலவற்றைத் தமிழ்நாடு கேட்டுக்கொண்டு நிற்பது தெரியும்.

இதற்கும் நமக்கும் என்ன என்று கேட்கும் மாணவர்கள், ராமேசுவரம் துறைமுகத்துக்கு ஒரு காலை போய்வாருங்கள். மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கினால்தான் விசைப்படகு கிளம்பும். டோக்கன் கொடுப்பது மாநில அரசு. கரையோரக் கடலில் மீன்வளம் மாநிலப் பட்டியல். அதைத் தாண்டிவிட்டால் ஒன்றியப் பட்டியல். படகு ஒன்றுதான், வலை ஒன்றுதான்; போகும் வழியில் அதிகாரம் கைமாறுகிறது. அப்பால் உள்ள எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்ததும் டெல்லி.

1974 ஜூனில் 285 ஏக்கர்க் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. சேதுபதி சமஸ்தானத்தின் கணக்கில் இருந்த தீவு அது. தமிழ்நாட்டு அரசு எதிர்த்தது, சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தகராறில் இருந்த இடம், நம் நிலத்தைக் கொடுக்கவில்லை என்பது ஒன்றியத்தின் வாதம். அந்த ஒப்பந்தத்தில் பாரம்பரிய உரிமைகள் பற்றிய வாசகங்களாவது இருந்தன. நம் மீனவர்கள் அவற்றைத் தங்கள் மீன்பிடி உரிமை என்றே எடுத்துக்கொண்டார்கள். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு அரசு அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவின்கீழ் கலைக்கப்பட்டது. மார்ச் 23 அன்று இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானது. அதையொட்டி எழுதிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியின்றி மீன் பிடிக்கக்கூடாது என்று எழுதப்பட்டது. அந்த மார்ச் மாதத்தில் எதிர்த்துத் தீர்மானம் போடச் சென்னையில் சட்டமன்றமே இல்லை.

கச்சத்தீவை 1947இன் தலையில் கட்டுவது நேர்மை ஆகாது. வெளியுறவு என்பது தூதுக்குழுத் திட்டத்திலும் மையத்திடமே இருந்தது. தளர்ந்த ஒன்றியமும் அந்த ஒப்பந்தத்தைப் போட்டிருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்த ஒரு மாநில அரசை ஒரு கையெழுத்தில் அகற்றிவிட்டு, இரண்டு மாதத்துக்குள் அந்த மாநிலத்தின் கடலைப் பற்றி அயல்நாட்டோடு எழுதிக்கொள்ளும் துணிவு, 1947 கோடையின் அச்சத்தில் வடிவம் பெற்ற அரசியல் சட்டத்திலிருந்துதான் வந்தது. பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் தந்த தீர்ப்பு 356க்குக் கடிவாளம் போட்டது. அதற்கு முன்பே நம் கடல் போய்விட்டது.

பிரிவினை கோருகிறவரையும் மையத்தையும் மட்டும் எதிரெதிரே உட்காரவைத்தால் போதாது என்பதைக் கனடா கற்றுக்கொண்டது. 1995இல் கியூபெக் மயிரிழையில் தங்கியது. ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் இடையே ஒரு சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான வித்தியாசம். 1998இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது என்றும், தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் பேச்சு நடத்தியே ஆக வேண்டும் என்றும், அந்தப் பேச்சில் மற்ற மாகாணங்களின் உரிமையும் கணக்கில் வர வேண்டும் என்றும் சொன்னது. பெல்ஜியத்தில் ஒன்றியம் அயல்நாட்டோடு போடும் ஒப்பந்தத்துக்கே உறுப்பு மாநிலம் ஒப்ப வேண்டிய இடங்கள் உண்டு. 2016 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் கனடாவுக்கும் இடையிலான வணிக ஒப்பந்தத்தை வலோனியா என்ற சிறு பகுதியின் சட்டமன்றம் பல நாட்கள் நிறுத்திவைத்தது. பெல்ஜியம் உடைந்துவிடவில்லை.

நாம் கேட்க வேண்டியதும் அவ்வளவுதான். ஒரு மாநிலத்தின் நிலத்தையோ கடலையோ குடிமக்களின் பிழைப்பையோ தொடும் எந்த ஒப்பந்தமும், கையெழுத்தாகும் முன் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். சட்டமன்றம் கலைந்திருந்தால், புதிய சட்டமன்றம் வரும்வரை கையெழுத்து காத்திருக்க வேண்டும். மாநிலங்களுக்கு இடையே 1990இல் அமைந்த மன்றத்தை ஆண்டுக்கொருமுறை கூட்டினாலே இதற்கு வழி பிறக்கும். இந்தக் கோரிக்கையை எழுதி அனுப்பும் தகுதி ராமநாதபுரம் மாவட்டத்தைவிட வேறு எந்த மாவட்டத்துக்கு இருக்கிறது?